நகர் காத்த வல்லபாய்

சர்தார் வல்லபாய் பட்டேல் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுதேச சமஸ்தானங்களை இந்திய ஒன்றியத்தோடு இணைத்த இரும்பு மனிதரின் உருவம் எவர் மனக்கண்முன்னும் தோன்றும். அப்பெருஞ்செயலுக்கு முப்பதாண்டுகட்கு முன்னர், ஒரு நகரின் சாக்கடைகளையும் குடிநீர்க் குழாய்களையும் குப்பைமேடுகளையும் கண்காணிக்கும் பொறுப்பை அவர் விரும்பி ஏற்றிருந்தார் என்பதைப் பலர் அறியார். பெரும்பதவியில் இருந்தோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய சிறு பணிகளை ஓரிரு வரிகளில் கூறிக் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும், கொள்ளை நோயும் பெருவெள்ளமும் வந்துற்ற நாள்களில் ஒரு நகராட்சி எவ்வாறு தன் கடமையினின்றும் வழுவாது நிற்றல் கூடும் என்பதை அறிய விரும்புவோர்க்கு, அவர்தம் வாழ்வின் இப்பகுதியே பெரிதும் பயன்படுவதாகும்.

வல்லபாய் குஜராத் நாட்டில், தம் தாயார் பிறந்த நடியாத் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த நாள் 1875ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31 எனக் குறிக்கப்பட்டுள்ளது. தந்தையார் ஜவேர்பாய், கரம்சத் என்னும் சிற்றூரில் உழவுத்தொழில் செய்து வாழ்ந்தவர். குடும்பத்தில் செல்வம் மிகுதியாக இல்லாமையால் வல்லபாயின் கல்வி மெல்லவே நடந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. கல்லூரியிற் சேர்ந்து பயிலும் வசதி இல்லாததனால், பிறரிடம் நூல்களை இரவல் வாங்கிப் படித்து, 1900ஆம் ஆண்டில் வழக்குரைஞர் தேர்வில் தேறிக் கோத்ரா என்னும் ஊரில் தொழில் தொடங்கினார்.

கோத்ராவில் இருந்த காலத்திலேதான் அவர் பிளேக் என்னும் கொள்ளை நோயின் கொடுமையை முதன்முதலாக நேரிற் கண்டார். 1896ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய அந்நோய், அடுத்த சில ஆண்டுகளில் மேற்கிந்தியா முழுவதும் பரவிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. கோத்ரா நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த நண்பர் ஒருவர் அந்நோய்வாய்ப்பட்டார். உறவினரும் அணுக அஞ்சும் அந்நோயாளியின் அருகிருந்து வல்லபாய் பணிவிடை செய்தார். நண்பர் இறந்தார், நோய் வல்லபாயையும் பற்றியது. உடனே அவர் தம் இளமனைவியாரைக் கரம்சத்திற்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் நடியாத்திற்குச் சென்று தனித்திருந்தார். நல்வினைப் பயனாக நோய் நீங்கிற்று. அன்று அவர் பிழைத்திராவிடில் பின்னர் நிகழ்ந்தவை எவ்வாறாயிருக்கும் என்பதை யாரே கூற வல்லார்!

பின்னர்ப் போர்சத் என்னும் ஊரில் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். 1909ஆம் ஆண்டில் மனைவியார் மறைந்தார். மகள் மணிபென், மகன் தாயாபாய் ஆகிய இருவரும் சிறு குழந்தைகள். வல்லபாய் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் தேர்வில் முதன்மையாகத் தேறி, 1913ஆம் ஆண்டில் மீண்டு ஆமதாபாத்தில் குடியேறினார். ஐரோப்பிய உடையும், கூரிய நாவன்மையும், மாலையிற் கழகத்தில் சீட்டாட்டமுமாக அவர் வாழ்க்கை நடந்தது. அந்நாளில் அவரைக் கண்டவர், இவர் நகரத் தெருக்களில் குப்பை அள்ளுவதை மேற்பார்ப்பவராக மாறுவார் என்று கனவிலும் கருதியிரார்.

ஆமதாபாத் நகரத்தின் இயல்பைச் சிறிது அறிந்தாலன்றி அவர் செய்த பணியின் அருமை விளங்காது. 1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷாவால் சபர்மதி ஆற்றங்கரையில் நிறுவப்பட்ட பழம்பதி அது. சுற்றிலும் மதில், மதிலிற் பல வாயில்கள், உள்ளே போள் என வழங்கும் நெருங்கிய தெருக்கூட்டங்கள். ஒவ்வொரு போளுக்கும் தனி வாயிற்கதவு உண்டு. கள்வர்க்கும் கலகத்திற்கும் அஞ்சிய முன்னோர் வகுத்த அமைப்பு அது; ஆனால், காற்றும் கதிரவன் ஒளியும் அவ்வாயிலிலேயே நின்றுவிட்டன போலும்! 1861ஆம் ஆண்டில் ரஞ்சோட்லால் சோட்டாலால் என்பார் அங்கு முதற் பருத்தி ஆலையை இயக்கினார். அதன்பின் ஆலைகள் பெருகின. தொழிலாளர் கூட்டம் பெருகிற்று. 1921ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை இரண்டரை இலட்சத்தையும் கடந்தது. ரஞ்சோட்லாலே நகராட்சித் தலைவராகவும் இருந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழாய் நீரையும் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாயையும் நகருக்குக் கொண்டுவர அரிதின் முயன்றவர். குழாயில் வரும் நீர் தூய்மையற்றது என்று அந்நாளில் எதிர்த்தவரும் உண்டு! அவர் தொடங்கிய பணி நகரின் ஒரு பகுதியளவிலேயே நின்றுபோயிற்று. எஞ்சிய இடங்களில் கழிவுநீர் தெருவிலும் குழியிலும் தேங்கிக் கிடந்தது.

நகராட்சியில் அரசினரால் அமர்த்தப்பெற்ற வெள்ளை அதிகாரி ஒருவர் தம் மனம்போனவாறு நடந்துவந்தமை கண்டு வருந்திய நண்பர்கள், அவரை எதிர்த்து நிற்கத் தக்கவர் வல்லபாயே என்று துணிந்து அவரை வற்புறுத்தினர். அதற்கிசைந்து 1917ஆம் ஆண்டில் தேர்தலில் நின்று அவர் நகராட்சி உறுப்பினரானார். சட்டத்தைத் துருவி ஆராய்ந்து, அவ்வதிகாரி செய்த பிழைகளை ஒவ்வொன்றாக மன்றத்தின்முன் வைத்தார். அதிகாரி அவ்விடம்விட்டு மாற்றப்பட்டார். நகரமே வியந்தது. எனினும், ஓர் அதிகாரியை அகற்றுதல் எளிது, ஒரு சாக்கடையைச் செவ்வனே ஓடச்செய்தல் அரிது என்பதை வல்லபாய் விரைவில் உணர்ந்தார். மன்றத்தினர் அவரைச் சுகாதாரக் குழுவின் தலைவராக்கினர்.

அவ்வாண்டிலேயே பிளேக் நோய் ஆமதாபாத்தைத் தாக்கிற்று. எலிகளிடத்துத் தோன்றி, அவற்றின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகளின் வாயிலாக மனிதரைப் பற்றுவது அந்நோய். அக்குளிலும் அரையிலும் நெறிகட்டிக் கடுஞ்சுரம் கண்டு சில நாள்களில் உயிர் போகும். வீட்டினுள் எலி செத்து விழுந்ததென்றால் அவ்வீட்டார் உடனே மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவர். பள்ளிகளும் நீதிமன்றங்களும் மூடப்பட்டன. செல்வர் வெளியூர்களுக்குச் சென்றனர்; எளியோர் நகர்ப்புறத்து வயல்களிற் குடிசை கட்டினர். நகரையடுத்த கோச்ரப் என்னும் சிற்றூரில் நோய் கண்டமையாலேயே காந்தியடிகள் தம் ஆசிரமத்தைச் சபர்மதிக் கரைக்கு மாற்ற நேர்ந்தது. நெசவுத் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடின் ஆலைகள் நின்றுபோகுமென்று அஞ்சிய முதலாளிகள், அவர்க்குக் கூலியில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு வரையில் பிளேக்குப் படி என மிகுதியாகக் கொடுத்து இருத்திக்கொண்டனர். அப்படியை அடுத்த ஆண்டில் நிறுத்தியதே, காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்ட புகழ்பெற்ற ஆலை வேலைநிறுத்தத்திற்குக் காரணமாயிற்று.

இந்நிலையில் சுகாதாரக் குழுத் தலைவரும் ஊரைவிட்டு நீங்கியிருந்தால் அவரைக் குறைகூறுவார் இரார்; நீதிமன்றமே மூடப்பட்டபின் பாரிஸ்டருக்கு அங்கு என்ன வேலை? நண்பர்களும் அவரைப் போய்விடுமாறே வேண்டினர். அவர் மறுத்தார். சிந்தித்துப் பார்ப்பின் அம்மறுப்பில் வீரத்தினும் மிகுதியாக விவேகமே இருந்ததெனலாம். நோய்க்காலத்தில் ஒரு நகரத்திற்கு மிகவும் இன்றியமையாதவர் துப்புரவுத் தொழிலாளரே. அவர்கள் இரண்டு நாள் வாராதொழியின் குப்பை மலையாகும். குப்பை பெருகின் எலி பெருகும். எலி பெருகின் நோய் பெருகும். நோயின் நடுவே நின்று தொழில் செய்யுமாறு ஓர் ஏழைத் தொழிலாளியை ஏவும் தலைவர், தாம் மட்டும் பாதுகாப்பான ஊரில் இருந்துகொண்டு ஆணையிட்டால் அவ்வாணைக்கு மதிப்பேது? ஆதலால், வல்லபாய் நாள்தோறும் தெருத்தெருவாக நடந்தார். சாக்கடைகள் தூர் எடுக்கப்படுகின்றனவா, நோய் கண்ட வீடுகளில் நச்சுக்கொல்லி மருந்து தெளிக்கப்படுகின்றதா என்று தாமே நின்று பார்த்தார். கோத்ராவில் ஒருமுறை அந்நோயின் வாயினின்று தப்பியவர் மீண்டும் அதன் எதிரே சென்று நின்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்வந்த ஆண்டுகளின் வரலாறு நாடறிந்தது. 1918ஆம் ஆண்டில் கேடா மாவட்டத்து உழவர்களின் வரிகொடாப் போரில் காந்தியடிகளின் வலக்கையாக நின்றார். அவ்வாண்டின் பிற்பகுதியில் நச்சுக் காய்ச்சல் நாடெங்கும் பரவியபோது நோயாளிகட்கு உதவும் பணியில் ஈடுபட்டார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் ஆமதாபாத் நகராட்சி தன் பள்ளிகளை அரசாங்கக் கண்காணிப்பினின்றும் விடுவித்துக்கொள்ள, அரசினர் 1922ஆம் ஆண்டில் நகராட்சியையே கலைத்துவிட்டனர். 1923ஆம் ஆண்டின் இறுதியில் போர்சத் வட்டத்தார்மீது, கொள்ளைக்காரரை ஒடுக்கும் காவற்படைச் செலவுக்கென்று, தலைக்கு 2 ரூபாய் 7 அணா தண்டவரி விதிக்கப்பட்டது. வல்லபாயின் வழிகாட்டுதலால் மக்கள் வரிகொடாது நின்றனர். தம் ஊர்களைத் தொண்டர்கள் தாமே இரவிற் காவல்புரிந்தனர். சில வாரங்களில் வரி நீக்கப்பட்டது.

1924ஆம் ஆண்டில் நகராட்சிக்கு மீண்டும் தேர்தல் நடந்தது. வல்லபாய் தலைவரானார். அதற்குப்பின் நான்காண்டுகள், வழக்குத் தொழிலையும் முன்னமே துறந்துவிட்டவராகிய அவர், நகரப் பணியிலேயே தம் நாளைச் செலவிட்டார். குடிநீர் வழங்கலும் கழிவுநீர் வடிகாலும் தம் முதற்கடமை எனக்கொண்டார். தொண்டர்களைத் திரட்டித் துடைப்பமும் கூடையும் ஏந்தித் தெருக்களைத் தூய்மை செய்யத் தாமே முன்சென்றார். நகராட்சிப் பொறியாளர், சுகாதார அலுவலர் முதலியோரின் வேலைகளை நுணுகி அறிந்தார். எந்தக் கால்வாய் எங்கே குறுகுகின்றது, எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிந்துள்ளது என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவ்வறிவு ஒருநாள் பல உயிர்களைக் காக்கப்போகின்றது என்பதை அப்போது எவரும் அறிந்திலர்.

1927ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் கடைசி வாரம். குஜராத்தில் மழை தொடங்கியது. வறட்சியை அறிந்த அளவு மழையை அறியாத நாடு அது. ஆமதாபாத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 30 அங்குலமே. அதனினும் மிகுந்த மழை ஒரு வார காலத்திற்குள் இடைவிடாது கொட்டிற்று. மதில் சூழ்ந்த நகரில் வெள்ளம் புகுந்தால் வெளியேறும் வழிகள் சிலவே. மரச்சட்டங்களாலும் சுடாத செங்கல்லாலும் அமைந்த பழைய வீடுகள் நீரில் ஊறி ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. போள்களிற் பெருகிய நீர் தேங்கி நின்றது.

ஒருநாள் நள்ளிரவு. மழை ஓயும் குறியே இல்லை. வீட்டில் உறங்காது கிடந்த வல்லபாய் எழுந்தார். வண்டி செல்லும் நிலையில் தெருக்கள் இல்லாமையால் கொட்டும் மழையில் நடந்தே புறப்பட்டார். நகராட்சிப் பொறியாளரின் வீட்டுக் கதவைத் தட்டி அவரை எழுப்பினார். இருவரும் இருளில் நகரைச் சுற்றி வந்தனர். நீர் எங்கே தடையுண்டு நிற்கின்றது என்பதைக் கண்டு, சாலையையும் மதகையும் உடைத்து வழிசெய்ய ஆட்களைக் கூட்டினர். நன்கு கட்டிய சாலையை உடைப்பது நகராட்சிக்குப் பொருளிழப்பேயாம். அமைதிக் காலத்தில் அதற்கு ஒரு குழுவும், ஒரு மதிப்பீடும், ஒரு தீர்மானமும் வேண்டும். அன்றிரவு அவற்றுக்கெல்லாம் நேரம் இல்லை. சாலை உடைந்தது, நீர் வடியத் தொடங்கியது. பொழுது விடியும்வரை காத்திருந்திருப்பின் இடிந்த வீடுகளின் தொகை இன்னும் எவ்வளவோ பெருகியிருக்கும்.

விடிந்தபின் வேறொரு போராட்டம் தொடங்கிற்று. வெள்ளம் வடிந்ததும் துன்பம் தீர்ந்தது எனக் கருதுவது பேதைமை. சாக்கடை நீர் கிணற்றில் கலக்கும், இறந்த விலங்குகள் அழுகும், வாந்திபேதி பின்தொடரும். வீடிழந்தோர்க்குத் தங்கிடம் வேண்டும். அடுப்பு மூட்ட வழியற்றோர்க்குச் சமைத்த உணவு வேண்டும். பொருள் உடையோரிடம் நிதியும், உடல்வலிமை உடையோரிடம் உழைப்பும் பெற்று வல்லபாய் இப்பணிகளை ஒழுங்குபடுத்தினார்.

நகராட்சித் தலைவரின் அதிகாரம் நகர எல்லையோடு முடிந்துவிடுகின்றது. வெள்ளமோ எந்த எல்லையையும் மதிப்பதில்லை. கேடா மாவட்டத்தின் சிற்றூர்கள் நீரில் தீவுகளாக நின்றன. இருப்புப்பாதைகள் அறுந்தன, தந்திக் கம்பிகள் வீழ்ந்தன. குஜராத் காங்கிரசுக் குழுவின் தலைவர் என்னும் முறையில் வல்லபாய் தொண்டர்களைப் பிரித்து ஊர்தோறும் அனுப்பினார். போர்சத்திலும் பிற இடங்களிலும் முன்னர் நடந்த போராட்டங்களிற் பழகிய தொண்டர்கள் அவர்கள். எந்த ஊரில் எத்தனை குடும்பம், எங்கே தானியம் கிடைக்கும், எந்தத் துறையில் நீர் ஆழம் என்பனவற்றை முன்னமே அறிந்தவர்கள். அரசாங்க அலுவலர் செல்லுமுன் பல ஊர்களை அவர்கள் நீந்தியும் நடந்தும் எட்டினர்.

அச்சமயம் காந்தியடிகள் நோயுற்றுப் பெங்களூரில் ஓய்வுகொண்டிருந்தார். வெள்ளச் செய்தி கேட்டுத் தாம் புறப்பட்டு வரவேண்டுமா என்று வினவினார். வரவேண்டா என வல்லபாய் மறுமொழி விடுத்தார். இத்தனை ஆண்டுகளாக அடிகள் அளித்த பயிற்சியை நாட்டு மக்கள் எவ்வளவு கற்றுள்ளனர் என்பதை அவர் அருகில் இல்லாதபோதே காண இயலும் என்பது வல்லபாயின் கருத்து. அடிகளும் அதனை ஏற்று, இருந்த இடத்திலிருந்தே நிதிவேண்டி எழுதினார்.

வல்லபாய் முதலில் எண்ணியது உணவை. அடுத்து எண்ணியது விதையை. விதைத்த பயிர் அனைத்தும் மண்ணோடு அடித்துச் செல்லப்பட்டது. பருவம் கடக்குமுன் மறுமுறை விதைக்காவிடின், வெள்ளத்திற்குத் தப்பியவர் வரும் கோடையிற் பசிக்குத் தப்பார். ஆனால், உழவன் சேமித்த விதையும் வீட்டோடு போயிற்றே! பிற இடங்களிலிருந்து விதையைத் தருவித்து ஊர்தோறும் விரைந்து வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. இன்று உணவளிப்பவனை ஊரார் வாழ்த்துவர். நாளைய உணவுக்கு இன்றே விதை தேடுபவனை வாழ்த்த அவர்க்கு நினைவிராது. வல்லபாய் வாழ்த்தைக் கருதியவரல்லர்.

வீடுகளை மீண்டும் கட்டுவதற்கு வேண்டிய பெருந்தொகையைத் தனியார் கொடையால் மட்டும் திரட்டல் இயலாது. இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. அரசினரோடு ஒத்துழையாமையைக் கொள்கையாகக் கொண்ட இயக்கத்தின் தலைவர் அவர். அவ்வரசினரிடமே பணம் கேட்கலாமா? வல்லபாய் தயங்கினாரல்லர். பஞ்ச நிவாரணத்திற்கென அரசினர் சேர்த்துவைத்துள்ள நிதி மக்கள் கொடுத்த வரிப்பணமே. மக்கள் துன்புறும் நாளில் அது மக்கட்குப் பயன்படுவதே முறை என்று அவர் வாதாடினார். பம்பாய் அரசினர் ஒரு கோடி ரூபாய் வழங்க இசைந்தனர். அதனைத் தக்கவர்க்குச் சேர்ப்பிக்கும் பணியில் அரசாங்க அலுவலரும் காங்கிரசுத் தொண்டரும் ஒருங்குநின்று உழைத்தனர். அந்நாளில் மத்தியச் சட்டமன்றத்தின் தலைவராக விளங்கிய தமையனார் விட்டல்பாயும் வந்து வெள்ளப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்தார். அவ்வாண்டின் இறுதியில் வைசிராய் இர்வின் பிரபுவும் குஜராத்திற்கு வந்து சென்றார். ஒரு சிலர் இவ்வொத்துழைப்பைக் குறைகூறியிருத்தல் கூடும். கூரையிழந்த குடும்பத்தினர் குறைகூறியிரார்.

நகராட்சிக்குள் கருத்து வேறுபாடுகள் தோன்றியமையால் 1928ஆம் ஆண்டில் வல்லபாய் தலைவர் பதவியினின்றும் விலகினார். வெள்ளத்தில் நகரைக் காத்தவருக்கும் மன்றத்தில் எதிர்ப்பு இருந்ததா என வியத்தல் வேண்டா. நகராட்சிகளின் இயல்பு அது. அவ்வாண்டிலேயே நிகழ்ந்த பர்தோலி வரிகொடாப் போரை வென்று மக்களால் சர்தார் எனப் போற்றப்பெற்றார். அப்போரில் ஊர்தோறும் இருந்து உழைத்தவர்களிற் பலர், முந்திய ஆண்டில் வெள்ளத்தினிடையே நின்று பழகியவர்களே.

பிளேக் அவரை மூன்றாம் முறையும் அழைத்தது. போர்சத் வட்டத்துச் சிற்றூர்களில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து தோன்றிவந்த அந்நோய் 1935ஆம் ஆண்டிலும் பரவிற்று. அப்போது வல்லபாய்க்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. நெடுநாட் சிறைவாழ்வால் உடலும் நலிந்திருந்தது. இருப்பினும் போர்சத்திற்கே சென்று தங்கி, மருத்துவர்களின் துணையோடு ஒரு தற்காலிக மருத்துவமனையை அமைத்தார். தொண்டர்கள் ஊர்தோறும் சென்று வீடுகளைத் திறந்து, தானியக் குதிர்களை அகற்றி, எலிவளைகளை அடைத்து, மருந்திட்டனர். நோய் எவ்வாறு பரவுகின்றது, எவ்வாறு தடுப்பது என்பதை விளக்கும் துண்டு வெளியீடுகள் வழங்கப்பட்டன. மருந்தை வெறுத்துத் தெய்வக் குற்றம் என்று அஞ்சியிருந்த மக்களும் மெல்லமெல்லக் கதவு திறந்தனர். காந்தியடிகளும் மே மாதத்தில் அங்கு வந்து ஊர்களைக் கண்டார். நோய் தணிந்தது.

நாடு விடுதலை பெற்றபின் துணைப் பிரதமராகவும் உள்துறை அமைச்சராகவும் டில்லியில் அமர்ந்து அவர் ஆற்றிய பணிகள் வேறு நூல்களில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. 1950ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பம்பாயில் அவர் உயிர்நீத்தார். செய்தி கேட்ட ஆமதாபாத் நகரத்தாருள், பல்லாண்டுகளுக்கு முன்னர் நோய் சூழ்ந்த தெருக்களில் அவர் தனியே நடந்துவரக் கண்ட முதியோரும் சிலர் இருந்திருப்பர்.